பெரியம்மா கையை விடமாட்டாள்

ரயில் அருங்காட்சியகத்தின் வாசலில் யானை உயரத்துக்கு ஒரு பலகை நின்றது. ‘தொடுங்கள், இழுங்கள், தள்ளுங்கள். வலிக்காத வரலாறு வெறும் பொம்மை. இப்படிக்கு, தலைவர்’ என்று அதில் எழுதியிருந்தது. சலூன்காரர் ‘வலிக்காத’ என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினார். தலைவர்கள் எதையாவது சொல்லிவைப்பார்கள், அதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டால் வீட்டைவிட்டு வெளியே வர முடியுமா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு மனைவியின் பின்னால் உள்ளே போனார்.

மனைவியின் பின்னால் போவது அவருக்குப் பழக்கம். அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். ஈரப் போர்வைகளை முறுக்கிப் பிழிந்து பிழிந்து அவளுடைய கைகள் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இறுகியிருந்தன. வாரம் முழுக்க அடுத்தவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற மனுஷன், லீவு நாளில் ஒரு எஞ்சினையாவது பார்க்கட்டும் என்று அவள்தான் இழுத்துவந்திருந்தாள்.

அந்தக் குடும்பத்தில் சொத்து என்று சொல்லிக்கொள்ள இருந்தது அவருடைய வலது கை. அந்தக் கையில் கத்தி இருக்கும்போது வாடிக்கையாளர்கள் நாற்காலியிலேயே குறட்டை விடுவார்கள். பாதிச் சவரத்தில் தும்மியவர்கள் உண்டு, சண்டைக்கு எழுந்தவர்கள் உண்டு. ஒருத்தர் கழுத்திலும் சிவப்பாக ஒரு கோடு விழுந்ததில்லை. வீட்டில் அந்தக் கையால் ஒரு வெங்காயம் நறுக்கக்கூட மனைவி விடமாட்டாள். “அது கடைக்கு வேணும். இடது கையால நறுக்குங்க” என்பாள்.

அந்தக் கையோடுதான் அவர் நெரிசல் பெட்டிக்குள் ஏறினார்.

நெரிசல் பெட்டி என்பது பழைய காலத்து மூன்றாம் வகுப்புப் பெட்டி. அன்றைய மக்கள் எப்படிப் பயணம் செய்தார்கள் என்பதை இன்றைய மக்கள் உடம்பால் உணர வேண்டும் என்பது ஏற்பாடு. பார்வையாளர்களை உள்ளே அமுக்குவதற்கென்றே முழங்கையில் தனிப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருந்தார்கள். சலூன்காரரின் விலாவில் ஒரு முழங்கையும், முதுகில் ஒரு முழங்காலும், தலையில் ஒரு தகரப்பெட்டியும் அதே வரிசையில் இறங்கின. அவருடைய செருப்பில் ஒன்று யாருடைய காலிலோ போய்விட்டது. மனைவியை இடித்த ஊழியர் மட்டும் சற்று நேரத்தில் வெளியே வந்து, உள்ளங்கையில் தன் முன்பல்லை வைத்துக்கொண்டு நின்றார்.

“ரொம்ப இயல்பா பண்ணீங்கம்மா” என்றார் அவர், சிவப்பாகச் சிரித்து. “சில பேர் இடிச்சா சும்மா இடி வாங்கிட்டுப் போயிடறாங்க. வேலை செய்யறதுக்கே மனசு வரமாட்டேங்குது.”

அடுத்தது ‘டிக்கெட் இல்லாப் பயணி’ அரங்கம். கறுப்புக் கோட்டுப் போட்ட பரிசோதகர் கை நீட்டினார். சலூன்காரர் நுழைவுச்சீட்டைக் கொடுத்தார். பரிசோதகர் அதை வாங்கி நிதானமாக நாலாகக் கிழித்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, “டிக்கெட் எங்க?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் பளார் என்று ஒன்று விட்டார்.

“ஏன் சார் அடிக்கிறீங்க?”

“ஏன் சார் டிக்கெட் இல்லாம வந்தீங்க?”

“இருந்துச்சே. இப்பத்தானே நீங்க கிழிச்சீங்க!”

“அந்தக் காலத்துலயும் எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்லியிருக்காங்க” என்று மற்றக் கன்னத்திலும் ஒன்று வைத்தார்.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு குடும்பத்தலைவர் எட்டிப் பார்த்து, “சார், கூட எங்க மாமனார் இருக்கார். வயசாயிடுச்சு. மெதுவா அடிப்பீங்களா?” என்று விசாரித்தார்.

“முதியோருக்குச் சலுகை உண்டு சார். ஒரு கன்னம்தான்.”

“அப்ப சரி” என்று குடும்பத்தலைவர் மாமனாரை முன்னால் நகர்த்தினார்.

“நல்லாத்தான் செஞ்சு வச்சிருக்காங்க, இல்லீங்க?” என்றாள் மனைவி.

சலூன்காரருக்கு இரண்டு காதிலும் ரயில் ஓடிக்கொண்டிருந்ததால் அது கேட்கவில்லை. ஒற்றைச் செருப்போடு அவர் பெரியம்மாவிடம் வந்து சேர்ந்தார்.

பெரியம்மா என்பது அந்த அருங்காட்சியகத்தின் மிகப் பழைய நீராவி எஞ்சின். ஊழியர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். வீட்டுப் பெரியம்மாவுக்குக் கிடைக்காத மரியாதை அதற்குக் கிடைத்தது. காலையில் வந்ததும் அதன் சக்கரத்தைத் துடைத்துவிட்டுத்தான் தங்கள் முகத்தைத் துடைத்தார்கள். அதன் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் அன்றைக்குப் பணியில் இருந்தவருக்கு வேலை போய்விடும்.

ஓட்டுநர் அறையில் நெருப்புப் பெட்டியின் வாய் இருந்தது. இரண்டு தடித்த இரும்புக் கதவுகள், மேல்தாடையும் கீழ்த்தாடையும்போல. தரையில் ஒரு மிதிகட்டை. மிதித்தால் காற்றழுத்தத்தில் வாய் திறக்கும். காலை எடுத்தால் படாரென்று மூடும். உள்ளே நெருப்புக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கும், மின்விசிறிக் காற்றில் படபடக்கும் ஆரஞ்சுத் துணியும் இருந்தன. பார்வையாளர் நிலக்கரியை அள்ளி உள்ளே போடலாம். மிதிகட்டையை மிதிக்கும் உரிமை வழிகாட்டிக்கு மட்டும்தான். அதற்கு அவர் மூன்று மாதம் பயிற்சி எடுத்து, தேர்வும் எழுதியிருந்தார். எப்போதும் எஞ்சின் டிரைவர் தொப்பியோடு இருந்ததால் அவருக்குத் தொப்பி என்றே பெயர்.

இந்த இடத்தில் அருங்காட்சியகத்தின் இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மேலதிகாரி கண்ணில் பட்டால் ஊழியர் எவராக இருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும், இரண்டு குதிகாலும் ஒட்ட விறைப்பாக நிற்க வேண்டும். மேலதிகாரி “தளர்வு” என்று சொல்லும்வரை அசையக் கூடாது. அதிகாரிகள் தங்களுக்குள்ளும் இதையே கடைப்பிடித்தார்கள். ஏணியில் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் இப்படி விறைத்ததில் மேலிருந்து கீழே வந்தார். குதிகால்கள் ஒட்டியபடியே விழுந்ததற்காக அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. ஆஸ்பத்திரியில்.

சலூன்காரர் மண்வாரியைத் தூக்கிப் பார்த்தார். அது அவரைத் தூக்கிவிடும்போல இருந்தது.

“கையால எடுத்துப் போடுங்க சார்” என்றார் தொப்பி, மிதிகட்டையை மிதித்துக்கொண்டு. “தொட்டுப் பார்க்கத்தானே வந்திருக்கீங்க? பெரியம்மா ஒண்ணும் கடிக்கமாட்டாங்க.”

சலூன்காரர் ஒரு கரித்துண்டை எடுத்து வலது கையை உள்ளே விட்டார். அந்த நேரம் பார்த்துத் துணை இயக்குநர் அந்தப் பக்கமாக நடந்து போனார். தொப்பியின் இரண்டு குதிகாலும் ‘டக்’ என்று ஒட்டின.

கதவுகளும் ஒட்டின. நடுவில் சலூன்காரரின் மணிக்கட்டு இருந்தது.

அவர் போட்ட சத்தத்தைப் பார்வையாளர்கள் எஞ்சின் விசில் என்று நினைத்துக் கைதட்டினார்கள். மனைவிக்கு மட்டும் அது யாருடைய விசில் என்று தெரிந்தது.

“யோவ், கால வைய்யா!” என்று அவள் தொப்பியை உலுக்கினாள். “கை மாட்டிக்கிச்சு!”

“சார் நிக்கிறார்ம்மா” என்றார் தொப்பி, உதடு அசையாமல்.

அவளே மிதிகட்டையை மிதிக்கப் பாய்ந்தாள். காவலர்கள் இருவர் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். காவலர்கள் மட்டும் தலைவர் ஒருவருக்கு விறைத்தால் போதும். ஒருவருக்கு மூக்கில் ரத்தம் வந்தது, மற்றவருக்குச் சட்டை கிழிந்தது. ஆனாலும் விடவில்லை. பயிற்சி பெறாதவர் மிதித்தால் பெரியம்மாவின் நரம்புக்கு ஆகாதாம்.

துணை இயக்குநர் மேலே ஏறிவந்து, சலூன்காரரை ஒரு பார்வையும் கதவை நாலு பார்வையும் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து ரத்தம் கதவின் மேல் வழிந்துகொண்டிருந்தது. பதறிப்போய்க் கைக்குட்டையை எடுத்துக் கதவைத் துடைத்தார்.

“ரத்தத்துல உப்பு இருக்கு சார். துருப்பிடிக்கும். கொஞ்சம் அந்தப் பக்கமா வழிய விடுங்க” என்றார்.

“சார், இது விபத்து சார். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்று சலூன்காரர் அழுதார்.

“விபத்துன்னு சொல்லாதீங்க. விபத்து, தடம்புரளல் அரங்கத்துல மட்டும்தான் நடக்கும். தினம் மூணு காட்சி. இங்க நடந்ததுக்குப் பேரு ஈடுபாடு. உங்க அளவுக்கு ஈடுபாட்டோட இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல.” பிறகு பெரிய மனது பண்ணி, “தளர்வு” என்றார்.

தொப்பி காலை வைத்தார். வாய் திறந்தது. சலூன்காரர் கையை இழுத்தார். உள்ளங்கைவரை வெளியே வந்துவிட்டது. அப்போது ‘யார் இங்கே சத்தம் போடுவது’ என்று விசாரிக்க இயக்குநர் வந்தார். துணை இயக்குநரின் குதிகால்கள் ஒட்டின. தொப்பியின் குதிகால்களும் ஒட்டின.

இந்த முறை உள்ளங்கை. கரும்பு முறிவதுபோல ஒரு சத்தம் வந்தது.

இயக்குநர் எதையும் நிதானமாகப் பேசுகிறவர். “நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து இந்த எஞ்சினில் ஒரு கீறல் விழுந்ததில்லை” என்றார். “மனிதர்கள் மேல் விழுந்திருக்கும். அது வேறு துறை.”

“சார், உங்க காலுல விழறேன்” என்றாள் மனைவி. காவலர்கள் பிடித்திருந்ததால் விழ முடியவில்லை. “அவர் கையிலதான் சார் எங்க பொழப்பே ஓடுது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க.”

“தளர்வு” என்றார் இயக்குநர், இரக்கத்தோடு.

தொப்பி மிதித்தார். வாய் திறந்தது. விரல்கள்வரை கை வந்துவிட்டது. இயக்குநரின் கைப்பேசி ஒலித்தது. தலைவர், வீடியோ அழைப்பில். திரையில் தலைவரின் முகம் தெரிந்ததும் இயக்குநர் விறைத்தார், துணை இயக்குநர் விறைத்தார். திரையில் தெரிவதும் கண்ணில் படுவதுதானா என்று தொப்பி அரை நொடி யோசித்தார். அந்த அரை நொடியில் சலூன்காரரின் கட்டைவிரல் தப்பியது. மற்ற நான்கும் மாட்டிக்கொண்டன.

அவருக்கு இப்போது கத்துவதற்குக்கூடத் தெம்பில்லை. “பெரியம்மா, விடுங்க பெரியம்மா” என்று எஞ்சினிடமே முறையிட ஆரம்பித்திருந்தார். அங்கிருந்தவர்களில் பேசிப் பார்க்கத் தகுந்ததாக அவருக்கு அதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

தலைவர், புகைப்படக்காரர்களோடு நேரில் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். அதில்தான் புதுச் சிக்கல். தலைவர் வந்துகொண்டிருக்கும்போது எவருக்கும் தளர்வு கொடுக்கக் கூடாது. ஆனால் தலைவர் வந்து பார்க்கும்போது பெரியம்மாவின் வாயில் ஒரு ஆள் தொங்கவும் கூடாது. இயக்குநரும் துணை இயக்குநரும் விறைத்தபடியே கடைவாயால் ஆலோசித்தார்கள்.

“கதவைக் கழற்றலாமா சார்?”

“பைத்தியமா உனக்கு? கதவு ஒரிஜினல்.”

“அப்ப கை?”

“கை...” இயக்குநர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். “இங்கே யாராவது வெட்டுகிற தொழிலில் இருக்கிறீர்களா?”

ஆட்டுத் தாடி வைத்த ஒருவர் கையைத் தூக்கினார். “கறிக்கடை வச்சிருக்கேன் சார்.”

“நல்லது. கண்ணாடிப் பெட்டியில் அந்தக் காலத்துத் தீயணைப்புக் கோடாரி இருக்கிறது. விரல்களை மட்டும் எடுத்துவிடுங்கள். கதவில் படாமல்.”

கறிக்கடைக்காரருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. “சார், என்னை என்ன நெனச்சீங்க? நான் பாட்டுக்குக் குடும்பத்தோட வந்திருக்கேன். கன்னத்துல அடிச்சீங்க, வாங்கிக்கிட்டேன். மச்சினன் காலை மிதிச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். ஒரு மனுஷன் கெஞ்சிக்கிட்டிருக்கும்போது வெட்டறதுக்கு நான் என்ன அரசாங்க வேலையா பாக்கறேன்?”

“அவர் கெஞ்சுவதை நிறுத்தச் சொல்லலாம்” என்றார் துணை இயக்குநர்.

கறிக்கடைக்காரர் துணை இயக்குநரின் சட்டைக் காலரைப் பிடித்து அலாக்காகத் தூக்கினார். அந்தரத்திலும் துணை இயக்குநரின் குதிகால்கள் ஒட்டியே இருந்தன. மனைவியைப் பிடித்திருந்த காவலர்களில் ஒருவர் அவரைக் காப்பாற்ற ஓடினார். அதற்குள் தலைவர் வந்துவிட்டார். எல்லோரும் அப்படியே உறைந்தார்கள்.

தலைவர் நெருப்புப் பெட்டியைப் பார்த்தார். அதில் தொங்கும் ஆளைப் பார்த்தார். பிறகு புகைப்படக்காரர்களைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. மிதிகட்டைக்குப் பக்கத்தில், வெளிச்சம் நன்றாக விழும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

“அன்பார்ந்த பார்வையாளர்களே! நான் எப்போதும் சொல்வேன், வலிக்காத வரலாறு வெறும் பொம்மை. இதோ இந்த எளிய மனிதர் அதைத் தன் விரல்களால் எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வலிக்கிறதா என்று சிலர் கேட்கலாம். வலிக்க வேண்டும்! அதற்காகத்தானே நாம் பாடுபட்டு இதையெல்லாம் அமைத்திருக்கிறோம்? இந்தப் பெரியம்மா அந்தக் காலத்தில் எத்தனை பேரின் கைகால்களை வாங்கியிருக்கிறாள்! அவர்கள் யாராவது புகார் செய்தார்களா?”

“ஐயா, ‘தளர்வு’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா” என்றாள் மனைவி.

“உரை முடிந்ததும் சொல்வேன் அம்மா. நடுவில் சொல்லும் வழக்கம் இல்லை.”

“எப்பய்யா முடியும்?”

“இது முன்னுரை.” தலைவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “இரும்புக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு சிக்கல் வந்தால் நாம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? சிந்தியுங்கள். இந்த மனிதருக்குக் கை இரண்டு இருக்கிறது. உலகத்தில் பெரியம்மா ஒருத்திதான்!”

கேமராக்கள் பளிச்சிட்டன. சலூன்காரரின் தலை தொங்கிவிட்டது. தன்னுடைய உடம்பின் பாரம் முழுவதையும் அவர் அந்த நான்கு விரல்களில் போட்டிருந்தார்.

மனைவியின் ஒரு தோளைப் பிடிக்க இப்போது ஆள் இல்லை. மற்றத் தோளைப் பிடித்திருந்தவரோ தலைவருக்காக விறைத்து நின்றதில் பிடியை விட்டிருந்தார். அவள் குனிந்து மண்வாரியை எடுத்தாள். கணவரால் அசைக்க முடியாத மண்வாரி. ஈரப் போர்வையை உதறுவதுபோல ஒரு வீச்சு. தலைவரின் முழங்காலுக்குக் கீழே அது போய் இறங்கியது.

“அம்மா!” என்றார் தலைவர். அது முன்னுரையில் இல்லாத வார்த்தை. அவர் மரம் சாய்வதுபோலச் சாய்ந்து, மிதிகட்டையின் மேல் முழு எடையோடு விழுந்தார். எடைக்குக் குறைவில்லாத ஆள். பெரியம்மாவின் வாய், திறக்க முடிந்த மட்டும் திறந்தது. சலூன்காரர் கையோடு பின்னால் சரிந்து, கரிக்குவியலில் உட்கார்ந்தார்.

தலைவர் எழப் பார்த்தார். அவள் மண்வாரிக் காம்பை அவர் முதுகில் ஊன்றினாள். “அசைஞ்சீங்க, அடுத்தது இடுப்புல.”

இயக்குநர், துணை இயக்குநர், காவலர்கள், தொப்பி, எல்லோரும் இதைக் குதிகால் பிசகாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் தரையில் கிடந்தாலும் தலைவர்தான். உதவிக்கு வாருங்கள் என்று அவர் அலறினாரே தவிர, ‘தளர்வு’ என்று சொல்லவில்லை. வலியில் அந்த வார்த்தை அவருக்கு மறந்துபோயிருந்தது.

கறிக்கடைக்காரர் துணை இயக்குநரைக் கீழே போட்டுவிட்டு, சலூன்காரரை ஒரு ஆட்டுக்குட்டியைப்போலத் தோளில் தூக்கிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. விசில் அடித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், தரையில் கிடந்த தலைவரைப் பார்த்து, “சூப்பர் சார்! இது தினமும் உண்டா? எங்க நாத்தனாரைக் கூட்டிட்டு வரணும்” என்று கேட்டாள்.

தலைவர் அவளைப் பார்த்தார். கேமராக்களைப் பார்த்தார். ஒரு சலவைக்காரி அடித்து விழுந்தவராக நாளைய செய்தியில் வருவதா, புதிய அரங்கத்தைத் தொடங்கி வைத்தவராக வருவதா? ஒரு நொடியில் முடிவெடுத்தார். தலைவர்கள் தலைவர்களாக இருப்பது அதனால்தான்.

“நிச்சயமாக உண்டு!” என்றார், கன்னம் தரையில் அழுந்த. “இது எங்கள் புதிய நேரடி அனுபவக் காட்சி. நான் சொன்னேனே, வலி உண்மையாக இருக்க வேண்டும். நடிகர்கள் கிடையாது. தினமும் மாலையில், இதே ஆட்கள், இதே மண்வாரி!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குக் கேட்டது. அதற்குள் புகைப்படக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சலூன்காரரின் கையை இரண்டு முறை அறுத்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று மனைவி ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து, “எங்க, பிடிச்சுக் காட்டுங்க” என்றாள். விரல்கள் துடித்தன, வியர்த்தன, பிறகு மடங்கின. சுண்டுவிரல் மட்டும் மடங்க மறுத்து நீட்டிக்கொண்டு நின்றது. அவள் அந்த விரலை முந்தானையில் பொத்திக்கொண்டு, ஆஸ்பத்திரியே கேட்கும்படி அழுதாள். இப்போது கடைக்கு வருகிறவர்கள் அந்தச் சுண்டுவிரலைப் பார்த்து, மாஸ்டர் புது ஸ்டைல் பழகியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கழுத்துகளில் இன்னும் கோடு விழவில்லை.

மாலைக் காட்சிக்கு அவர் போவதில்லை. ‘இதே ஆட்கள்’ என்ற வாக்கைக் காப்பாற்ற இயக்குநர் வீடு தேடி வந்து கெஞ்சிப் பார்த்தார். சலூன்காரர் கதவைத் திறக்கவே இல்லை. கடைசியில், கை கொடுக்கும் பொறுப்பு துணை இயக்குநருக்கு ஒதுக்கப்பட்டது. அவருக்கும் கை இரண்டு இருக்கிறது.

மனைவி மட்டும் சலவைக்கூடத்து வேலை முடிந்ததும் நேராக அங்கே போய்விடுகிறாள். ஒரு நாளும் தவறியதில்லை. தலைவரின் பக்கத்தில் போய் நின்று மண்வாரியைக் கையில் எடுக்கும்போது, கூட்டத்துக்குக் கேட்காதபடி அவர் கேட்பார்.

“அம்மா... இன்னிக்காவது கொஞ்சம் மெதுவா...”

“நான் என்னய்யா பண்றது?” என்பாள் அவள், காலை அகட்டி நின்றுகொண்டு. “வரலாறாச்சே.”